காரணம் எழுதும் கட்டம்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு மறுநாள் வந்து தலையைச் சொறிகிறவர்களை நான் உட்காரக்கூடச் சொன்னதில்லை. சக ஊழியர்கள் எனக்கு ‘அச்சு’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் தம்பி மகனை வீட்டில் சின்னவன் என்று கூப்பிடுவோம். பத்தொன்பது வயதில் கடல் தாண்டிப் போய்க் கால்பந்து விளையாடினான். பெரிய கிளப் இல்லை. அந்த நாட்டு லீக்கில் நான்கு படி உண்டாம்; இது நான்காவது. கடைசிப் படியில் கால் வைக்காமல் மாடிக்குப் போனவன் எவன் என்று, குறை சொன்னவர்களைத் திருப்பிக் கேட்டேன். ஆறு மாதம் சோதனைக்கு வைத்துப் பார்த்தார்கள். பதினான்கு ஆட்டம், ஐந்து கோல். இரண்டாம் படி கிளப்பிலிருந்து ஒருவர் இரண்டு முறை வந்து, கையில் நோட்டுப் புத்தகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார் என்றும் கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகுதான் இரண்டு வருட ஒப்பந்தம் போடுவதாக முடிவானது. கையெழுத்துப் போடும் நாளில் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், படம் எடுத்துப் போடுவோம் என்று கிளப் தலைவர் சொல்லி அனுப்பினார். தம்பி உயிரோடு இல்லை. தம்பி மனைவி பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவள். வேறு யார் போவது? நான்கு வெள்ளைச் சட்டைகளை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. புதன்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன்.

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே அவன் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் செய்தித்தாள் விரித்து அதன்மேல் இரண்டு ஜோடி பூட்ஸ். அறையைப் பகிர்ந்துகொண்டவன் அதே அணியின் கோல்கீப்பர். வேறொரு தேசத்துப் பையன். தலை நிலைவாசலில் இடிக்கும் உயரம். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, தன் கட்டிலின் விரிப்பை மாற்றிவிட்டு, தலையணையைத் தரையில் போட்டுக்கொண்டான். நல்ல வளர்ப்பு. எந்த வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவனின் ஆட்டச் சட்டை அலமாரிக் கதவில் தொங்கியது. முதுகில் என் தம்பியின் பெயர்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று தலைமுறையாக எங்களைச் சுட்டும் வீட்டுப் பெயரைத்தான் போட வேண்டும் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

“ஏன்டா, நான் சொன்னது என்ன, நீ போட்டிருக்கிறது என்ன?”

“முதுகுல ஒரு பேருக்குத்தான் பெரியப்பா இடம் இருக்கு,” என்றான்.

செத்தவனோடு போட்டி போட முடியாது.

தம்பி இறந்து பதினோரு வருடம் ஆகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வைப் பார்க்க ஏணியில் ஏறினான், விழுந்தான், முடிந்தது. முப்பத்தாறு வயது. வீட்டிலும் வெளியிலும் நாங்கள் சொல்லிவந்தது இதுதான். ஏணியிலிருந்து விழுந்தான் என்பதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று மதியம் மைதானத்துக்கு அழைத்துப் போனான். ஒரு பக்கம் மட்டும் கூரை போட்ட இருக்கைகள். மற்ற மூன்று பக்கமும் இரும்புக் கம்பி. ஒரு கோலுக்குப் பின்னால் டயர் கிடங்கு. பந்து சுவருக்கு மேலே போனால் கிடங்குக் காவலாளி திருப்பி எறிவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்றான் சின்னவன். துணி, பந்து, வலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு வயதானவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முன்பு பேருந்து ஓட்டினவராம். ஏதோ சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். சின்னவன்தான் மொழிபெயர்த்தான்.

“நான் காத்து மாதிரி ஓடுறேனாம். ஆனா வலை கட்ட மூணு படி ஏணி ஏறச் சொன்னா, தண்ணியக் கண்ட கழுதை மாதிரி நிக்கிறேனாம்.”

சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளை விளையாட வந்தவன். வலை கட்டவா வந்தான்? தன் தகுதி தெரிந்த பையன் என்று நினைத்தேன். அவனைப் பற்றி நான் தப்பாக நினைத்தவற்றில் இதுதான் பெரிது.

பயிற்சியைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். இடது ஓரத்தில் அவன் ஓடிய அழகை நான் சொன்னால் வீட்டுப் பெருமை என்பார்கள். பந்து காலிலேயே ஒட்டிக்கொண்டு போயிற்று. தடுக்க வந்தவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். வேடிக்கை பார்த்த இரண்டு பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, ஆனால் முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்த ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் திரும்பி நடந்தார்கள். அவன் மட்டும் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நின்றான். கொஞ்ச நேரம்தான். என் தம்பி மாடிப்படியின் நடுவில் இப்படித்தான் நிற்பான். கேட்டால், ஒன்றுமில்லை அண்ணா, படி எண்ணுகிறேன் என்பான்.

வியாழக்கிழமை காலை கிளப் டாக்டர் கூப்பிட்டதாகச் சொன்னான். ஒப்பந்தத்துக்கு முன் நடக்கும் வழக்கமான சோதனையில் ஒரு சந்தேகமாம். ஓடுகிறவர்கள் இதயம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், வீட்டுப் பெரியவர் வந்திருப்பதால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டால் முடிந்தது என்றாராம்.

அந்தச் சோதனைக்கு முன்பே குடும்ப நோய்களைக் கேட்டு ஒரு படிவம் வந்திருந்தது. அதை வீட்டிலிருந்து நிரப்பி அனுப்பியவனே நான்தான். முத்து முத்தான என் கையெழுத்தில் ‘தந்தை: விபத்து. தாத்தா: காய்ச்சல்’ என்று எழுதினேன்; சின்னவன் அதன் கீழே அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தான். என் அப்பா நாற்பத்திரண்டு வயதில் தூக்கத்தில் போனவர். அதற்கு முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல் இருந்தது உண்மை.

டாக்டரின் அறை துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டது. டாக்டர் சின்னப் பெண்தான். என் தம்பியின் மூத்த மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, சின்னவனை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் கேட்பதும் நான் சொல்வதும் அவன் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

வீட்டில் யாராவது இளம் வயதில், திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று முதல் கேள்வி.

“விபத்துன்னு எழுதியிருக்கேனே, அதையே சொல்லு,” என்றேன்.

சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டாள். அவன் உடனே மொழிபெயர்க்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டான்.

“விழும்போது அப்பா கைய ஊனினாரான்னு கேக்குறாங்க. நினைவோட விழறவங்க கைய ஊனுவாங்களாம். உள்ளங்கையில சிராய்ப்பு இருந்துச்சான்னு கேக்குறாங்க.”

என் தம்பியின் உள்ளங்கைகளை நான் பார்த்தேன். குளிப்பாட்டியபோது நான்தான் துடைத்தேன். ஒரு கீறல் இல்லை. எழுதாத தாள் மாதிரி இருந்தன.

அன்று மருத்துவமனையில் கொடுத்த சான்றிதழில் காரணம் இரண்டு வரியாக இருந்தது. முதல் வரி, இதயம் திடீரென்று நின்றது, பரம்பரையாக வரும் இதயச் சதை நோய் என்று சந்தேகம். இரண்டாவது வரி, கீழே விழுந்ததில் தலையில் காயம். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் காட்டிவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். என் தங்கைக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஜாதகத்தைவிட எங்கள் ஆயுளைத்தான் அதிகம் விசாரித்தார்கள். மறுநாள் நான் அலுவலகம் போய், காரணம் எழுதும் கட்டத்தில் இரண்டாவது வரியை மட்டும் எழுதினேன். என் மசி, என் கை. சான்றிதழை மடித்து என் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அதற்கு ஒரு வருடம் முன்புதான் ஒரு மனிதர் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். மனைவிக்கு வந்த நோயின் பெயரை எழுத வேண்டாம், இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்றார். “செத்தவங்களுக்குப் பொய் எழுதினா, அது இருக்கறவங்க தலையிலதான்யா விடியும்,” என்று அலுவலகமே கேட்கச் சத்தம் போட்டு அனுப்பினேன். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை.

துவைக்கும் இயந்திரம் நின்றது. அந்தப் பெண் காத்திருந்தாள். சின்னவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலில் கை ஊன்றி நின்றவன். இருந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்குப் பேனாவை எடுத்துவிடுவான். உண்மையைச் சொன்னால் அவன் ஆட்டம் போகும். ஊரில் அவன் அக்காவுக்கு அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள், அதுவும் போகும். தங்கை புகுந்த வீட்டில் என் பெயரைச் சொல்லவே கூசுவாள். பாதி எழுதினால் பொய் இல்லை என்று பதினோரு வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதே பாதியை மறுபடி எழுதினால், இந்தத் தடவை இவன் பெயருக்கு எதிரே எழுத வேண்டியிருக்கும்.

“வேற யாராவது மொழிபெயர்க்க இருக்காங்களான்னு கேளு,” என்றேன்.

“யாரும் இல்ல பெரியப்பா. என்கிட்டயே சொல்லுங்க.”

சொன்னேன். அவனைப் பார்க்காமல், அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னேன். கையில் கீறல் இல்லை. விழுவதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். இதை மறைத்தது நான், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வாக்கியமாக அவன் அவள் மொழியில் சொன்னான். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. விழுவதற்கு முன்பே என்ற இடத்தில் மட்டும் நின்றான். பிறகு அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அப்போ ஏணி ஆடலையா?”

எனக்குப் புரியவில்லை. ஏணியா என்றேன்.

“ஏணி ஆடித்தானே விழுந்தாரு?”

“ஏணி சுவர்ல அப்படியே நின்னுச்சுடா. நான் வந்து பார்த்தப்பகூட நின்னுச்சு. மேல இருக்கும்போதே உயிர் போயிடுச்சு.”

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். இல்லை, மூச்சுத்தான் விட்டுக்கொண்டிருந்தான், நீளநீளமாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அன்று அப்பா அவனைத்தான் ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எட்டு வயது. தெருவில் விளையாடியவர்களின் பந்து வாசல் கேட்டில் வந்து மோதியிருக்கிறது. ஒரே ஓர் உதை உதைத்துவிட்டு வருவோம் என்று கையை விட்டு ஓடியிருக்கிறான். உதைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா கீழே கிடக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் ஏணி, ஏணி என்று சொல்லச் சொல்ல, அவன் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறான்.

“அந்த ஒரு உதைக்காகத்தான் பெரியப்பா இவ்வளவு ஓடினேன். சும்மா உதைச்சதா ஆயிடக் கூடாதுன்னு.”

பதினோரு வருடம். ஒரே கூரையின் கீழ், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். குடும்ப மானத்துக்குக் காவல் நிற்பதாக நினைத்து, ஒரு குழந்தையின் தலையில் கொலைப்பழியை ஏற்றிவைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவன் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

அந்தப் பெண் தண்ணீர் ஊற்றி அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்தாள். அவன் சுருக்கமாக ஏதோ சொன்னதும் எழுந்து போய் என் படிவத்தை எடுத்துவந்து, பேனாவையும் என் முன்னால் வைத்தாள். நீங்களே திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாளாம். விபத்து என்ற சொல்லின் மேல் கோடு போட்டேன். காய்ச்சல் மேலும் போட்டேன். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கையால் விழுந்த முதல் அடித்தல் அது.

பெரிய மருத்துவமனையில் முழுச் சோதனை முடியும்வரை அவன் ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கிளப் தலைவர் வந்தார். குளியலறைக் குழாய்கள் விற்கும் கடைக்காரர். அன்றைக்கென்று கோட்டுப் போட்டிருந்தார். டாக்டரின் தாளைப் படித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனாவை மறுபடி பையிலேயே செருகினார். சின்னவனின் கன்னத்தைத் தட்டினார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். சின்னவன் அதை மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. படம் எடுக்க வந்தவர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் ஊருக்குப் போன் செய்தேன். தங்கையிடம் அவளும் காட்டிக்கொண்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் இதய டாக்டரிடம் காட்டச் சொன்னேன். ஏன் என்றாள். சொன்னேன். போனை வைத்துவிட்டாள். தம்பி மனைவிதான் கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும், “அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் இவன இத்தனை வருஷம் ஓட விட்டிருப்பேனா மாமா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இருக்கிறது என்றார்கள். ஆட்டம் கிடையாது, மாத்திரை உண்டு, வருடத்துக்கு இரண்டு முறை சோதனை உண்டு. அவன் அக்காவுக்கு இல்லை. ஆனால் அதற்குள் நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். “யோசிக்கட்டும் பெரியப்பா, நானும் யோசிக்கணும்ல,” என்றாள் அவன் அக்கா. பழைய சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து, நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கே கொண்டுபோய், பதிவைத் திருத்த மனுக் கொடுத்தேன். எனக்குக் கீழே எழுத்துப் பழகியவன்தான் இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறான். உட்காருங்க சார் என்றான். நின்றுகொண்டே கொடுத்தேன்.

அதெல்லாம் பிறகு நடந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மைதானத்தில் ஆட்டம் இருந்தது. போகலாமா என்று சின்னவன் கேட்டான். உனக்குக் கஷ்டமாக இருக்காதா என்றேன். கஷ்டமாகத்தான் இருக்கும் என்றான். போனோம்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, கூட்டம் இன்னும் வரவில்லை. வலைக்காரக் கிழவர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோல் பக்கம் போனார். எங்களைப் பார்த்தும் கேலி எதுவும் பேசவில்லை. அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. சின்னவன் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போய், அவரிடமிருந்து ஏணியை வாங்கினான். வாங்கிக் கோல் கம்பத்தில் சாத்தினான். ஒரு காலை முதல் படியில் வைத்துவிட்டு அப்படியே நின்றான். கிழவர் பக்கத்தில் வந்தார். அவன் வேண்டாம் என்று தலையசைத்து, கம்பிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தான்.

“பெரியப்பா, நீங்க பிடிச்சுக்குறீங்களா?”

கம்பிக்கு அடியில் குனிந்து போகும் வயதா எனக்கு? போனேன். முதல் நாள் பெய்த மழையில் புல் சொதசொதவென்றிருந்தது. இஸ்திரி போட்ட சட்டைக் கையில் சேறு பட்டது. ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு படியாக ஏறினான். மேல்கம்பத்தில் பதினோரு கொக்கி. இரண்டு மூன்று மாட்டியதும் இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏற வேண்டும். அவசரப்படாதே என்றேன். அவசரம் ஒன்றும் இல்லை பெரியப்பா, இனிமேல் எதற்கு அவசரம் என்றான். கிழவர் பந்துப் பையின் மேல் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் தலைக்கு மேலே அவன் மூச்சு சீராக வருகிறதா என்பதில்தான் என் காது இருந்தது.

உடை மாற்றும் அறையிலிருந்து அணி வெளியே வந்தது. நெட்டைக் கோல்கீப்பர் முதலில். பின்னால் வந்தவர்களில் ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான். அது உருண்டு உருண்டு எங்கள் பக்கம் வந்து, ஏணிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

அவன் மேலேயிருந்து அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

“கைய எடுத்துடாதீங்க பெரியப்பா,” என்றான். “இன்னும் ரெண்டு கொக்கி இருக்கு.”

நான் எடுக்கவில்லை.